ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு ஃபோல்டர்

என் அருமைச் செண்பகத்துக்கு,

நம் வீட்டுக்குப் புது வைஃபை பெட்டி வந்திருக்கிறது. பழையது போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதன் தலையில் நீ போர்த்தி வைத்திருந்த பூப்போட்ட துணியை எடுத்துப் புதுசின் மேல் போட்டேன். மாட்ட வந்தவர், "துணி போடாதீங்க சார், சூடாயிடும்" என்றார். நீ பார்த்துப் பார்த்துப் போட்ட பூவை வேண்டாம் என்று சொல்ல இவர் யார் என்று எனக்குக் கோபம். அவர் போனதும் மறுபடி போர்த்தினேன். உண்மையாகவே சூடாகத்தான் செய்கிறது. மடித்து உன் பீரோவில் வைத்துவிட்டேன்.

இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய கடுதாசி என்று கேட்பாய். பெட்டி மாறியதால் நம் வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான். மற்றவர்களும் படிக்கப்போகிற கடிதம் என்பதால் உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களையும் அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன். "அதான் எனக்குத் தெரியுமே" என்று நடுவில் குறுக்கே வராதே. வந்தால்கூட நல்லதுதான்.

நான் தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்தபோது, நீ சைதாப்பேட்டையில் பெயர் வாங்கிய ஆளாகியிருந்தாய். ரவிக்கைக்குப் பூவேலை டிசைன் போடுகிறவள். உள்ளறையில் ஜன்னலோரம் உன் பெரிய கம்ப்யூட்டர். நீ அதில் மாங்காயும் மயிலும் வரைவாய். பஜாரில் ஏழுமலையின் எம்ப்ராய்டரி மெஷின் அதை அப்படியே தைத்துத் தரும். வீட்டில் சும்மா இருந்து குழம்பில் உப்பில்லை, ஜன்னலில் தூசி என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த எனக்கு நீயே ஒரு வேலை போட்டுக் கொடுத்தாய். ஹாலில் ஒரு மேஜை, அதன் மேல் நம் மகள் பாப்பா பழசாகிவிட்டது என்று தள்ளிவிட்ட ஆப்பிள் லேப்டாப், பக்கத்தில் பிரிண்டர். நீ வரைந்ததை நான் வண்ணத்தில் அச்செடுத்து ஏழுமலை கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

உள்ளறையிலிருந்து டிசைன் ஹாலுக்கு வருவது பென் டிரைவில். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்தான் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அது சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாக வெளியே வந்தது. உள்ளே இருந்த மயிலும் சுத்தமாகப் போயிருந்தது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்காக நீ வாரம் முழுக்க உட்கார்ந்து வரைந்த மயில். நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இனிமே உங்க சட்டைப் பையை நம்புதாப்புல இல்ல" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ சமையலறைப் பக்கமே போகவில்லை. வீடியோவைப் பார்ப்பதும், ஏதோ தட்டுவதும், ஹாலுக்கு ஓடிவந்து என் லேப்டாப்பைப் பார்ப்பதுமாக இருந்தாய். "ரெண்டும் ஒரே வைஃபையிலதான இருக்கு. பெறகு நீங்க எதுக்கு நடக்கணும்?" என்றாய். ஆனால் உன்னுடையது விண்டோஸ், என்னுடையது ஆப்பிள். லேசில் ஒத்துப்போகவில்லை. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு சவம் ரெண்டும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கு" என்று திட்டினாய். சம்பந்தி வீட்டுக்காரங்க அப்படித்தான் இருப்பாங்க என்று நான் சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம்தான் வழிக்கு வந்தன. உன் கம்ப்யூட்டரில் 'பொது' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதை வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டர் பார்க்கலாம், அதில் எழுதலாம், அழிக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தாய். நான் ஹாலில் என் திரையில் அதைத் திறந்தேன். உள்ளே ஒரு புது மயில் உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்டாய்.

"ஏட்டி, வந்துட்டு" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் அதுதான் நம் பேச்சு. நீ உள்ளே போடுவாய், எனக்கு இங்கே வந்து விழும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே நாள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தோம். முப்பது வருஷம் நான் கடைக்குப் போய் ராத்திரி வீட்டுக்கு வந்த காலத்தில்கூட நாம் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதுவும் தொண்டையில். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். வைத்தியம் ஆக ஆக உன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும் என்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. உன் கட்டிலைக் கம்ப்யூட்டரை ஒட்டி இழுத்துப் போட்டோம். நீ கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து கிடப்பாய். உன் போனை நீயே என்னிடம் கொடுத்துவிட்டாய். சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அழுவதைக் கேட்க உனக்குத் தெம்பில்லை. நீ கூப்பிடுவதற்கென்று நான் ஒரு பித்தளை மணி வாங்கி வந்தேன். நீ அதைப் பார்த்த பார்வையிலேயே அது பூஜை அலமாரிக்குப் போய்விட்டது.

மறுநாள் நான் ஹாலில் உட்கார்ந்து, திறந்திருந்த 'பொது'வில் ஏழுமலைக்கு அனுப்ப வேண்டிய டிசைனைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அதில் புதிதாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதன் பெயர் 'வெந்நீர்'. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. இது என்ன டிசைன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. 'வெந்நீர் வேணும்யா மனுஷா'. எழுந்து ஓடினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. 'ஃபேன் குறைங்க'. 'தலையணை'. 'பாப்பா பேசினாளா'. 'ஜன்னல் சாத்துங்க கொசு'. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வைக்க முடியாதாமே. பழைய 'வெந்நீர்' அங்கேயே கிடந்தால் அடுத்த தடவை நீ அந்தப் பெயரில் கேட்க முடியாது. அதனால் யார் அதைப் பார்த்துச் செய்தார்களோ அவர்களே அழித்துவிட வேண்டும் என்று நமக்குள் வழக்கமானது. நான் வெந்நீரைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்து முதல் வேலையாக அழிப்பேன். உன் திரையிலும் அது மறையும். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சில நாள் 'சும்மா' என்று ஒன்று வரும். அதற்கு என்ன எடுத்துக்கொண்டு போவது? வெறுங்கையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்வேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய், நானும் ஜன்னலைப் பார்ப்பேன். ரயில் போகும். கொஞ்ச நேரம் கழித்து நீ தலையசைத்தால் எழுந்து வருவேன். அந்த 'சும்மா'வை அழிக்க மட்டும் எனக்கு மனசு வராது. ஆனால் அழிக்காவிட்டால் அடுத்த 'சும்மா' வராதே.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் காலையில் பால் காய்ச்சியதும் உள்ளறைக்குப் போய் உன் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். ஹாலுக்கு வந்து என் லேப்டாப்பில் 'பொது'வைத் திறந்து வைக்கிறேன். பேப்பர் படிக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்கி வழிகிறேன். நடுநடுவே ஒரு கண் அதில் இருக்கும். உன் மயில்களும் மாங்காய்களும் வரிசையாக இருக்கின்றன. புதிதாக ஒன்றும் வருவதில்லை. வராது என்று எனக்குத் தெரியாதா? உனக்குக் கொள்ளி வைத்தவனே நான்தானே. தெரிந்தும் பார்க்கிறேன் செண்பகம். என்ன செய்யச் சொல்கிறாய்?

ஏழுமலை இரண்டு தடவை வந்துவிட்டார். "இன்னா சார், நல்லாக்கீறீங்களா?" என்று ஆரம்பித்து, மெல்ல விஷயத்துக்கு வந்தார். "அக்கா போட்ட டிசைன்லாம் சும்மாவே தூங்கிக்கினு கீது சார். பொண்ணுங்க இன்னும் கேட்டுக்கினுதான் கீறாங்க. அந்த கம்ப்யூட்டர எங்கைல குடுங்க சார், நான் கண்ணு மாதிரி வெச்சிப்பேன்." நல்ல மனுஷன்தான். உன் காரியத்துக்கு வந்து நாள் முழுக்கப் பந்தலில் நின்றவர். இருந்தாலும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்டை விட்டுப் போனால் என் திரையிலிருந்து 'பொது'வும் போய்விடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பாப்பாவிடமும் சொல்லவில்லை. அதுதான் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. அடையாறில் அவள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து, மெத்தை போட்டு, மேஜைகூட வாங்கி வைத்திருக்கிறாள். பத்து நாளாவது வந்து இருங்கள் என்று கெஞ்சுகிறாள். நான் காலையில் பஸ் பிடித்துப் போவேன், பேத்தியோடு விளையாடுவேன், மத்தியானம் சாப்பிடுவேன், வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவேன். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஒரு தடவை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புது மேஜையில் வைத்துத் திறந்து பார்த்தேன். அங்கேயும் வைஃபை இருக்கிறது, நம்முடையதைவிட வேகம். ஆனால் 'பொது' இல்லை. உன் கம்ப்யூட்டர் சைதாப்பேட்டையில் இருக்கிறது, அதுவும் இதுவும் ஒரே வீட்டில் இருந்தால்தான் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

வாசல் வரை வந்த பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லுங்கப்பா. அவர் எதுனா சொல்லிட்டாரா? இல்ல நான்தான் எதுனா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளை தங்கம். அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுல வேலை கிடக்கும்மா என்று உளறிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என்ன வேலை? திறந்து கிடக்கிற ஒரு ஃபோல்டர்.

இந்த நிலையில்தான் பெட்டி மாறியது. வந்தவர் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு போட்டு, என் போனிலும் லேப்டாப்பிலும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் ஓடுகிறது, செய்தி ஓடுகிறது. 'பொது'வைத் திறந்தால் அந்தக் கம்ப்யூட்டரைக் காணவில்லை என்கிறது. உள்ளறைக்கு ஓடினேன். உன் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலுக்கு வந்தேன், காணவில்லை. இப்படி எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. கடைசியில் உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த அன்றைக்கு வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அன்றைக்கு ஆக வேண்டிய காரியம் இருந்தது, வந்தவர்களுக்கு நாற்காலி போட வேண்டியிருந்தது. இந்த அழுகைக்கு நடுவில் யாரும் வரவில்லை.

பாப்பாவுக்குப் போன் போட்டேன். "அம்மா கம்ப்யூட்டரைக் காணல" என்றுதான் சொல்ல வந்தது. திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து, ஆபீஸில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்து நின்றாள். கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு உன்னைப் போலவே சிரித்தாள்.

விஷயம் சின்னதுதானாம். என் லேப்டாப் புது வைஃபைக்கு மாறிவிட்டது, உன் கம்ப்யூட்டர் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் புதுசில் இணைத்தாள். அப்போதும் வரவில்லை. இந்தப் புது இணைப்பை உன் கம்ப்யூட்டர் வெளியிடம் என்று நினைத்துக்கொண்டு, தன்னை யாருக்கும் காட்டாமல் ஒதுங்கி நிற்கிறதாம். இது நம்ம வீடுதான், மற்றவர்கள் உன்னைப் பார்க்கலாம் என்று ஒரு இடத்தில் மாற்றிச் சொல்ல வேண்டும். பாப்பா அதைத் தட்டினாள். நான் ஹாலுக்குப் போய்த் திறந்தேன். 'பொது' வந்துவிட்டது. மயில்கள் எல்லாம் இருந்தன. நான் வழக்கம்போல அவற்றுக்குக் கீழே பார்த்தேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை.

பாப்பா என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னப்பா தேடறீங்க?"

அப்போதுதான் சொன்னேன். வெந்நீரை, தலையணையை, கொசுவை எல்லாம். அவள் வரும்போதெல்லாம் நீ எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாய், அவளுக்கு இது எதுவும் தெரியாது. கேட்கக் கேட்க அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா? ஒண்ணுகூட இல்லையா?"

"அழிச்சாத்தானம்மா அடுத்தது வரும்."

ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்று உன் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். இல்லை. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தால் அதில் போய் விழாதாம். ஒவ்வொரு தடவையும் லேப்டாப் என்னைக் கேட்கத்தான் செய்தது. இது உடனே அழிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது, பரவாயில்லையா என்று. பரவாயில்லை, பரவாயில்லை என்று தினமும் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றுமில்லாத ஃபோல்டர்கள்தானே. அதில் ஒரே ஒரு 'சும்மா' இன்றைக்கு இருந்தால் இந்த வீட்டையே எழுதிக் கொடுப்பேன்.

"சொல்லுங்கப்பா, வேற என்னெல்லாம் போடுவாங்க?" என்று கேட்டாள். நினைவுக்கு வந்ததை எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை உன்னைப் பார்க்க வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தபோது நீ கள்ளத்தனமாக 'காப்பி குடுத்து அனுப்புங்க' என்று போட்டதைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நீ இருந்தபோதுகூட அவளும் நானும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "இதுக்காகத்தான் எங்க வீட்ல தங்க மாட்டேங்கறீங்களா?"

"நான் இங்க இல்லாத நேரத்துல அவ ஏதாவது போட்டுட்டான்னா?" என்றேன்.

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. பைத்தியம் என்று நினைப்பாளோ என்று பார்த்தேன். அவள் நினைக்கவில்லை. திறந்து கிடந்த 'பொது'வைப் பார்த்தாள். அப்புறம், "அம்மா படுத்திருந்தப்போ நீங்க மருந்து வாங்க, காய் வாங்கக் கீழ போவீங்கல்ல? அப்போ என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"சொல்லிட்டுப் போவேன்."

"அப்ப இப்பவும் சொல்லிட்டு வாங்க."

இவ்வளவுதான் சொன்னாள். சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

நேற்று ஏழுமலையை வரச் சொன்னேன். உன் டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன். "அக்கா பூ மறுபடியும் ஊரச் சுத்தப்போவுது சார்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். ஆவணியில் முகூர்த்தம் நிறைய இருக்கிறது. சைதாப்பேட்டையில் எத்தனை பெண்கள் முதுகில் உன் மயிலைச் சுமந்துகொண்டு மணையில் உட்காரப்போகிறார்களோ.

இன்று சனிக்கிழமை. துணி இரண்டு எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். மாத்திரை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை அழைத்துப்போக வருகிறேன் என்றார், நானே பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றேன். பாப்பா வீட்டில் இரண்டு ராத்திரி தங்கப்போகிறேன். போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வாங்க என்று அவள் சொல்லியிருக்கிறாள். உன்னுடையதை நான் அணைக்கவில்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

கிளம்புவதற்கு முன்னால் ஹாலில் உட்கார்ந்து 'பொது'வைத் திறந்தேன். இத்தனை காலமும் எல்லாம் உன் பக்கத்திலிருந்துதான் வந்தன. என் பக்கத்திலிருந்து நான் ஒன்றும் போட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. புது ஃபோல்டர் எப்படி வைப்பது என்றே தெரியாமல் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். 'பாப்பா வீட்டுக்குப் போயிருக்கேன் திங்கக்கிழமை வந்துருவேன்'. தட்டி முடித்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். உன் திரையிலும் வந்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கண்டிப்பாக வந்துவிடுவேன், செண்பகம். எத்தனை நாள் ஆனாலும் அந்த ஃபோல்டரில் நான் கை வைக்க மாட்டேன். பார்த்தவர்தான் அழிக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். நீ பார்த்ததும் அழித்துவிடு.

சொல்லிக்கொண்டு கிளம்பும்,
உன் வீட்டுக்காரன்